164 ஒத்திகைகள்

ஓபரா என்றால் பாட்டு மட்டும்தான் என்று நினைப்பவர்கள், அதன் கடைசி ஒத்திகையை ஒருமுறை பார்க்க வேண்டும். பாடகர்கள், பாலே கலைஞர்கள், மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் வாத்தியக் குழு என எல்லோரும் உடை, ஒப்பனை, விளக்குகளோடு ஒன்றுகூடும் நாள் அது. காலியான இருக்கைகளுக்கு நடுவே மேசை போட்டு இயக்குநர் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். அரங்கேற்றத்துக்காகக் குரலைக் காக்க, சில பாடகர்கள் உச்ச ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி மெல்லப் பாடுவார்கள். அது சோம்பல் அல்ல, தொழில் ஒழுக்கம்.

இதற்கும் முன்னால், வாத்தியக் குழுவோடு பாடகர்கள் உட்கார்ந்தபடியே பாடிப் பார்க்கும் ஒத்திகை ஒன்று உண்டு. ஜெர்மானியர்கள் அதை 'சிட்ஸ்புரோபெ' என்பார்கள்.

ஒத்திகைக்குப் பேர்போனது பாரிஸில் 1861இல் மேடையேறிய, இசையமைப்பாளர் வாக்னரின் ஓபராவான 'டான்ஹாய்சர்'. அதற்கு 164 ஒத்திகைகள் நடந்ததாகச் சொல்வார்கள். அந்நாளில் பாரிஸ் ஓபராவில் பாலே கட்டாயமாக இருந்தது. அதுவும் இரண்டாம் அங்கத்தில்தான் வர வேண்டியிருந்தது. இரவு உணவை முடித்துவிட்டுத் தாமதமாக வரும் ஜாக்கி கிளப் செல்வந்தர்கள் அப்போதுதான் அதைப் பார்க்க முடிந்தது. வாக்னரோ, கதைக்குப் பொருந்தும் இடம் முதல் அங்கமே என்று பாலேயை அங்கே வைத்தார். கலைஞராக அவர் எடுத்த முடிவு சரியானதே.

கிளப்காரர்கள் விசில் ஊதி நிகழ்ச்சியைக் குலைத்தார்கள். மூன்றே காட்சிகளோடு வாக்னர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.