மேசைமேற் போர்

இவ்விழா மலரில் இடம்பெறும் கட்டுரைகளுட் பெரும்பாலன கல்லூரியின் பழைமையையும் ஆசிரியப் பெருமக்களின் தொண்டினையும் எடுத்துரைப்பனவாக அமையும். யாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. குடும்பத் தலைவர்களும் உத்தியோகத்தருமாகிய வளர்ந்த மனிதர் சிலர் சனி, ஞாயிறு இரு தினங்களிலும் ஒரு பெரிய மேசையைச் சுற்றிக் கூடுகின்றனர். சுட்டுவிரலின் பாதி உயரங்கூட இல்லாத போர்வீரர் பொம்மைகளை அணிவகுத்து நிறுத்துகின்றனர். என்றோ நிகழ்ந்து முடிந்த போர் ஒன்றை மீண்டும் நடத்திப் பார்க்கின்றனர். ஆங்கில நாட்டில் இது வேரூன்றிய பொழுதுபோக்கு. ஆங்கு வாழும் எம் பழைய மாணவர் ஒருவர் இதில் மிக்க ஈடுபாடுடையவர். அவரும் அவர் நண்பர் எழுவரும் ஆடிய ஆட்டமொன்றை இரு நாளும் உடனிருந்து காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது.

இதனைப் பற்றி எழுதப் போகின்றோம் என்று கூறியவுடன் எம்முடன் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர், “போரினால் வீடிழந்து ஊர் ஊராக அலைந்த மக்களுக்குப் போரை விளையாட்டென்று சொல்லப் போகின்றீரா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு விடை தேடுமுன் ஆட்டத்தின் வரலாற்றையும் முறையையும் அறிதல் வேண்டும்.

இவ்வாட்டத்தின் மூதாதை நம் சதுரங்கமே. யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய அவ்விளையாட்டு, பாரசீகர், அராபியர் வழியாக ஐரோப்பாவைச் சென்றடைந்தது. 1780ஆம் ஆண்டில், ஜேர்மனியின் பிரவுன்சுவிக் நகரிற் கணிதம் படிப்பித்த ஹெல்விக் என்பார் அப்பலகையை ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்களாக விரித்து, மலைக்கும் நீர்நிலைக்கும் காட்டுக்கும் வெவ்வேறு நிறந் தீட்டினார். எனினும் கட்டங் கட்டமாக நகரும் படை உண்மைப் படையாகுமா? பிரசிய நாட்டுப் பிரபுவாகிய றைஸ்விற்ஸ் கட்டங்களைக் கைவிட்டு, மேடுபள்ளங்களைத் துண்டு துண்டாகச் செய்து அடுக்கிய அழகிய மேசை ஒன்றை 1812இல் தம் மன்னருக்கு அளித்தார். பீரங்கிப் படை அதிகாரியான அவர் மகன் 1824இல் அதனைத் தேசப்படத்தின் மேல் ஆடும் முறையாகத் திருத்தி நூலாக வெளியிட்டார்.

மகன் செய்த திருத்தங்களே எம் கருத்தைக் கவர்ந்தன. படம் 8,000க்கு ஒன்று என்னும் அளவினது. ஒரு நகர்வு இரண்டு நிமிடப் போருக்குச் சமம். இரு தரப்பினரும் தத்தம் கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுக்க வேண்டும். ஒருவர் கண்ணுக்கு எட்டக்கூடிய படையை மட்டுமே நடுவர் அவருக்குக் காட்டுவார். குன்றின் மறைவில் உள்ளது மறைவிலேயே இருக்கும். சுட்ட குண்டு எத்துணைப் பேரை வீழ்த்தியது என்பதைக் கவறு உருட்டித் தீர்மானிப்பர். பாரதக் கதை கேட்டு வளர்ந்த நமக்குக் கவறு என்றதும் சகுனியே நினைவுக்கு வருவான். சகுனியின் கவறு அவன் எண்ணியபடி விழுந்தது. இவ்வாட்டத்துக் கவறு எவர் எண்ணியபடியும் விழாது. அது கருதியே அதனைச் சேர்த்தனர். போர்க்களத்தில் மழையும் புழுதியும் வழி தவறிய தூதனும் செய்யும் வேலையை இங்கே கவறு செய்கின்றது.

படையதிகாரிகளின் பயிற்சியாக இருந்த இதனை வீட்டு விளையாட்டாக்கியவருள் முதன்மையானவர் எழுத்தாளர் எச். ஜீ. வெல்ஸ். 1893 முதல் பிரிட்டன்ஸ் என்னும் இலண்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈயப் பொம்மைகளை மலிவாக வார்த்து விற்று வந்தது. வெல்ஸ் அவற்றை வீட்டுத் தரையில் நிறுத்தி, சுருள்வில்லால் இயங்கும் சிறு பீரங்கியால் மரக்குண்டெறிந்து வீழ்த்தும் ஆட்டத்தின் விதிகளை 1913இல் ‘சின்னஞ்சிறு போர்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் நூலாக்கினார். அவர் போரை வெறுத்தவர். இப்பொம்மைப் போரைச் சில முறை ஆடினாலே, உண்மைப் போர் எத்துணைத் தடுமாற்றம் நிறைந்தது என்பது விளங்கிவிடும் என்ற கருத்தை அந்நூலிலேயே எழுதிவைத்தார். அடுத்த ஆண்டு முதலாம் உலகப் போர் மூண்டது.

இரண்டாம் உலகப் போரின்பின் இதற்குப் புத்துயிரளித்தவருள் டொனால்ட் பெதர்ஸ்ரன் குறிப்பிடத்தக்கவர். இவர் அப்போரிற் கவசவாகனப் படையிற் பணிபுரிந்தவர். பின்னர் உடலியக்கச் சிகிச்சையாளரானார். 1962இல் வெளிவந்த இவரது நூல் பலரை இத்துறைக்கு ஈர்த்தது.

இனி யாம் கண்ட ஆட்டத்துக்கு வருவோம். எடுத்துக்கொண்டது 1815 யூன் 18இல் நிகழ்ந்த வாட்டலூப் போர். நெப்போலியனிடம் ஏறக்குறைய 73,000 வீரர். எதிர்த்து நின்ற வெலிங்டனிடம் 68,000 பேர். பிற்பகலில் உதவிக்கு வந்து சேர்ந்த பிரசியர் சுமார் 50,000 பேர். ஒரு பொம்மை நூறு வீரருக்குச் சமம் என்று கொண்டமையால் மேசையில் ஏறக்குறைய 1,900 பொம்மைகள் தேவைப்பட்டன. எண்மருள் மூவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்தவை அவை. 28 மில்லிமீற்றர் உயரமுள்ள ஒவ்வொன்றுக்கும் கழுத்துப்பட்டி, கைமடிப்பு ஆகியவற்றின் நிறத்தைப் படைப்பிரிவு வாரியாக நூல்களிற் பார்த்துத் தீட்டியிருந்தனர். ஒரு வீரனுக்கு ஒரு மணி நேரம் செல்லுமாம். அப்பொறுமை எமக்கு வாராது.

மேசையிற் பச்சைத் துணி விரித்து, கீழே பலகைத் துண்டுகளை வைத்துக் குன்றுகளாக்கி, ஊகோமொன், லா ஏ செயின்ற் ஆகிய பண்ணை வீடுகளை மட்டையாற் செய்து வைத்திருந்தனர். ஒரு சுற்று அரை மணி நேரப் போர். முறை வந்தவர் அடிமட்டத்தால் அளந்து படையை நகர்த்துவார். காலாட் படைக்கு இத்தனை அங்குலம், குதிரைப் படைக்கு அதன் இரட்டிப்பு என்பன போன்ற அளவுகள் விதிநூலுக்கு விதிநூல் வேறுபடும். பின்னர்ச் சூடு, கைகலப்பு. இவற்றின்பின் வருவதே எமக்குப் புதுமையாகத் தோன்றியது. அடிபட்ட பிரிவுக்கு மனவுறுதிச் சோதனை ஒன்று உண்டு. கவறு குறைவாக விழின், வீரர் எஞ்சியிருந்தும் அப்பிரிவு புறங்கொடுத்து ஓடும். படைகள் பெரும்பாலும் அழிந்து தோற்பதில்லை, அஞ்சித் தோற்கின்றன என்பதை நூல்களிற் படித்திருந்தோம். அங்கே கண்ணாற் கண்டோம்.

எம் பழைய மாணவர் பிரசியத் தளபதி. சனிக்கிழமை முழுவதும் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. அவர் படை எப்பொழுது மேசைக்கு வரும் என்பதை நடுவர் மறைவில் கவறு உருட்டித் தீர்மானித்துக்கொண்டிருந்தார். பாவம், கதிரையிலிருந்து தேநீர் பருகுவதும் யன்னலைப் பார்ப்பதுமாகப் பொழுதைக் கழித்தார்.

வரலாற்றில், பிற்பகல் நான்கு மணியளவில் மார்ஷல் நே பிரெஞ்சுக் குதிரைப் படையைக் காலாளின் துணையின்றி ஏவினார். ஆங்கிலக் காலாட்படையோ சதுரமாகி, நாற்புறமும் துப்பாக்கிக் கத்திகளை நீட்டி நின்றது. குதிரைகள் அவ்வேலியில் மோதாமற் சுற்றிச் சுற்றி வந்து சுடப்பட்டு மடிந்தன. இதனை அறியாத ஆட்டக்காரர் எவருமில்லை. ஆயினும் நேயாக ஆடியவர் அன்று மாலை அதையே செய்தார். ஏன் என்று இடைவேளையில் வினவினோம். பிரசியர் எந்நேரமும் வரலாம், காலாட்படை தொலைவில் நிற்கின்றது, எதிரியின் வரிசை தளர்வதுபோலத் தோன்றியது என்றார். நேயை மூடன் என்று கூறிக் கடந்துபோகும் பாடநூல் ஆசிரியர் அம்மேசையருகில் ஒரு நாழிகை இருந்திருப்பாராயின் வேறு விதமாக எழுதியிருப்பார் என்பது எம் துணிபு. ஞாயிறு பிற்பகல் பிரசியர் பிளான்சனுவா ஊரினுள் புகுந்தனர். நெப்போலியன் மறுபடியும் தோற்றார்.

எம் பாடத்துறையோடு ஒட்டி ஒன்று கூறலாம். தொல்காப்பியப் புறத்திணையியல் நிரை கவர்தலை வெட்சி எனவும், அரணை முற்றுதலை உழிஞை எனவும், எதிர்நின்று பொருதலைத் தும்பை எனவும் வகுக்கும். இம்மேசைகளில் நிகழ்வது பெரும்பாலுந் தும்பையே. பத்துப் பன்னிரண்டு பொம்மைகளோடு வெட்சி ஆடுவோரும் உளர்.

ஆட்டத்தின் உயிர்நிலை நடுவரிடம் உள்ளது என்பதற்கு இரண்டாம் உலகப் போரில் இரு சான்றுகள் உண்டு. மிட்வே தீவைத் தாக்குமுன், 1942 மே மாதத்தில் யப்பானியக் கடற்படையினர் அத்திட்டத்தை மேசையில் ஆடிப் பார்த்தனர். கவற்றின்படி அவர்தம் விமானந்தாங்கிக் கப்பல்கள்மேல் ஒன்பது குண்டுகள் விழுந்தன. நடுவராயிருந்த அட்மிரல் உகாகி அவற்றை மூன்றாகக் குறைத்தார்; மூழ்கிய கப்பல் ஒன்றும் பின்னர் மீண்டும் ஆட்டத்திற் சேர்க்கப்பட்டது. இதனை யப்பானிய அதிகாரிகளே தம் நூலிற் பதிந்துள்ளனர். யூன் மாதத்தில் நிகழ்ந்த உண்மைப் போரில் அவர்கள் நான்கு விமானந்தாங்கிகளை இழந்தனர்.

அதே ஆண்டில் லிவர்பூலில் கப்டன் கில்பேட் ரொபேட்ஸ் என்பவரும், கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம் பெண்களும் தரையிற் கட்டங்கீறி, வெண்கட்டியால் கப்பற் பாதைகளை வரைந்து, ஜேர்மனிய நீர்மூழ்கிகள் வணிகக் கப்பற் கூட்டத்தை எவ்வாறு தாக்குகின்றன என்று ஆடி ஆராய்ந்தனர். பயிற்சிக்கு வந்த கப்பற்றலைவர்கள் திரையிலுள்ள சிறு துளை வழியே மட்டும் பார்க்க அனுமதிக்கப்பட்டனர். நீர்மூழ்கி வெளியே நின்றன்று, கூட்டத்தின் உள்ளே புகுந்தே சுடுகின்றது என்பது அங்கே புலனாயிற்று. அதற்கேற்ற எதிர்முறைகளை ஏறக்குறைய 5,000 அதிகாரிகள் அத்தரையிற் கற்றுச் சென்றனர். பிழையைப் பிழையென்றே காட்டிய ஆட்டம் உயிர்களைக் காத்தது.

நண்பரின் வினாவுக்கு எம்மால் இயன்ற விடை இதுவே. அம்மேசையில் குருதி இல்லை, அழுகை இல்லை. வாட்டலூவில் ஒரே நாளில் வீழ்ந்தோரும் காயமுற்றோரும் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் என்பதைப் பொம்மை உணர்த்தாது. அக்குறையை யாம் மறைக்கவில்லை. ஆயினும் வெற்றி நிச்சயம் என்று கூறித் திட்டம் வகுப்போரின் பேச்சு எத்துணை வெறுமையானது என்பதை அது உணர்த்துகின்றது. அதனை நம் மாணவர் அறிதல் தகும். ஆட்டக்காரரும் அக்குறையை அறியாதவரல்லர். 2019 யூனில் கிளாஸ்கோ நகரில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட பொம்மைகளைக் கொண்டு இதே வாட்டலூவை ஒரு வார இறுதியில் ஆடினர். அதனால் வந்த நிதி, போரில் உடலும் உள்ளமும் புண்பட்ட முன்னாட் படைவீரர்களை அப்பழைய போர்க்களத்தின் அகழாய்வில் ஈடுபடுத்தித் தேற்றும் தொண்டு நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது.

வரலாற்று மன்ற மாணவர் இதனை முயன்று பார்க்க விரும்பின், ஈயப் பொம்மைகளுக்குப் பணம் தேட வேண்டியதில்லை. ஒரு பக்கத்துக்குப் புளியங்கொட்டை, மறு பக்கத்துக்குச் சட்டைப் பொத்தான், ஓர் அடிமட்டம், இரண்டு கவறுகள், வகுப்பறை மேசைகள் நான்கு போதும். விதிகளை ஒரு தாளில் எழுதி இரு தரப்பினரும் முதலிலேயே கையொப்பமிடுக. நடுவராக மாணவர் ஒருவரையே அமர்த்துக. ஆசிரியர் கவறு உருட்டினால் எவரும் மறுத்துப் பேசார்.