மாத்திரை சரி, பேச்சு எங்கே?

சுட்டார்கள்! எதிரிகளல்ல, சொந்த நாட்டுப் படையினரே சுட்டார்கள்!

1916 அக்டோபர். பிரான்சுப் போர்முனை. ஹாரி ஃபார் என்றொரு பிரிட்டிஷ் சிப்பாய். பீரங்கி முழக்கத்திலே மனம் சிதைந்து, முந்திய ஆண்டே ஐந்து மாதம் மருத்துவமனையில் கிடந்தவன். கை நடுக்கத்தால் மனைவிக்குக் கடிதம் எழுதவும் இயலாமல், தாதி எழுதிக் கொடுத்த நிலை. அவனைத்தான் திரும்பவும் முன்னணிக்கு அனுப்பினார்கள். தாங்க முடியவில்லை என்றான். கோழை என்றது இராணுவ நீதிமன்றம். விடியற்காலையில் கதை முடிந்தது. அவனையும் அவனைப் போன்றோரையும் சேர்த்து 306 பேருக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் மன்னிப்பு வழங்கியது, 2006-ல்! தொண்ணூறு ஆண்டு கழித்து!

அதே போரில், அதே நோய்க்கு, எடின்பரோ நகரருகே கிரெய்க்லாக்கார்ட் என்ற மருத்துவமனையும் இருந்தது. அங்கே டாக்டர் ரிவர்ஸ், நோயாளியை எதிரே அமர்த்தி, கண்டதையும் பட்டதையும் மறைக்காமல் சொல்ல வைத்தார். நல்ல வைத்தியந்தான். ஆனால் யாருக்கு? அதிகாரிகளுக்கு! லண்டனில் யெல்லண்ட் என்ற டாக்டரிடம் போன சாதாரணச் சிப்பாய்க்கோ, வாய் பேச வராவிட்டால் தொண்டையிலே மின்சாரம் பாய்ச்சினார்கள். துரைமகனுக்குப் பேச்சு, தொழிலாளி மகனுக்கு ஷாக்! இந்தப் பாகுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே, பிறகு வருகிறேன்.

வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் கூடிக் கூடிப் பேசி, போராடி, இந்த நோய்க்கு ஒரு பெயரையே வாங்கினார்கள். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் ஏட்டில் அது ஏறியது. சுருக்கப் பெயர் பி.டி.எஸ்.டி.; பேரதிர்ச்சிக்குப் பின் தங்கிவிடும் மனக்கோளாறு. நடந்தது முடிந்துவிட்டது, ஆனால் மனம் முடிந்ததாக ஏற்பதில்லை. இரவிலே அதே காட்சி, பகலிலே சிறு ஓசைக்கும் திடுக்கிடல், சம்பவம் நடந்த பக்கமே போகாமை, எரிச்சல், உறக்கமின்மை. போர்க்களம் மட்டுமல்ல, வெள்ளம், விபத்து, வன்முறை எதுவும் இதைத் தரலாம். பாய்லர் வெடித்த இடத்திலே உயிர் தப்பியவன் குடியில் விழுந்தால், குடிகாரன் என்று ஏசுமுன் ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

வைத்தியம் என்ன? இரண்டு வழி. ஒன்று மாத்திரை. அமெரிக்க மருந்து நிர்வாகம் 1999-ல் செர்ட்ராலினுக்கும், 2001-ல் பராக்ஸிடினுக்கும் இந்த நோய்க்கென்றே அனுமதி தந்தது. விழுங்கிய அன்றே வேலை செய்யாது. சில வாரம் பொறுக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தவும் கூடாது. மற்றது பேச்சு. வெறும் ஆறுதல் பேச்சல்ல. பயின்ற ஒருவர் முன்னிலையில், நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒதுக்கி வைத்த இடங்களுக்கு மெல்ல மெல்லப் போய், அந்த நினைவு வெறும் நினைவுதான் என்று மனத்துக்குக் கற்பிப்பது. ஒரு தடவைக்கு ஒன்றரை மணி வரை, வாரக்கணக்கில்.

இரண்டையும் சேர்த்தால்? நியூயார்க்கில் 2001-ல் தகர்க்கப்பட்ட இரட்டைக் கோபுரத் தாக்குதலில் பிழைத்த 37 பேரிடம் சோதித்தார்கள். எல்லோருக்கும் பேச்சு, பாதிப் பேருக்கு பராக்ஸிடின், பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. பத்து வாரத்தில் மருந்தும் சேர்ந்தவர்களே கூடுதலாகத் தேறினர். வெற்றி என்று முரசறையலாமா? அவசரம் வேண்டாம்! 2019-ல் வெளியான பெரிய ஆய்வு, ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் இருந்து திரும்பிய 223 பேரிடம் நடந்தது. மாத்திரை மட்டும் பெற்றவர், பேச்சு மட்டும் பெற்றவர், இரண்டும் பெற்றவர், மூன்று அணியும் தேறின. 24 வாரத்தில் ஒன்றை ஒன்று மிஞ்சவில்லை.

ஆகவே, எல்லோருக்கும் இரண்டும் கட்டாயம் என்று நான் வாதாடவில்லை. உறக்கமே இன்றிச் சோர்ந்து, உட்கார்ந்து பேசவே திராணியற்றவனுக்கு மாத்திரை ஊன்றுகோலாகும். அதை ஊன்றி அவன் பேச்சுக்கு வரலாம். ஆனால் ஊன்றுகோலைக் கொடுத்துவிட்டு, நடக்கச் சொல்லித் தர ஆளில்லை என்றால்? அமெரிக்கப் படைவீரர் துறையின் 2023 வழிகாட்டி, பேச்சு வைத்தியத்தைத்தான் மாத்திரைக்கு முன் வைக்கிறது. பென்சோடயசபின் வகைத் தூக்க மருந்துகளையோ இந்த நோய்க்குக் கூடாதென்கிறது.

இங்கேதான் அந்தப் பழைய பாகுபாடு வேறு வேடத்தில் வருகிறது. மாத்திரை மலிவு, இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதலாம். பேச்சுக்குப் பயின்ற ஆள் வேண்டும், தனி அறை வேண்டும், நேரம் வேண்டும். வேலைக்காரனுக்கோ, பேசப் போகிற நாளெல்லாம் கூலி போகிற நாள். காசுள்ளவன் இரண்டையும் வாங்குகிறான். இல்லாதவன் கையில் சீட்டு மட்டும். கிரெய்க்லாக்கார்ட்டின் வாசல் இன்னும் அகலவில்லை!

உங்கள் தோழன் ஒருவன் இப்படித் தவித்தால், மருத்துவமனைக்கு உடன் போங்கள். சீட்டை மறுக்காமல் வாங்குங்கள். வாங்கிக்கொண்டு எழுந்துவிடாமல் கேளுங்கள்: "மாத்திரை சரிங்க டாக்டர், பேச உட்கார எந்தக் கிழமை வரணும்?"