பராமரிப்பவருக்கும் ஓய்வு வேண்டும்

பக்கவாதத்தால் படுத்துவிட்ட தாத்தாவைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, உணவூட்டுவது யார்? பல வீடுகளில் அம்மாவோ அத்தையோ அந்தப் பொறுப்பை ஏற்கிறார். சம்பளம் இல்லை, விடுப்பும் இல்லை. தம்மைப் பராமரிப்பாளர் என்று அவர் நினைப்பதும் இல்லை. அதனாலேயே, தமக்கும் உதவி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சிங்கப்பூரில் 2019ஆம் ஆண்டு இல்லப் பராமரிப்பு மானியம் தொடங்கப்பட்டது. குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிவறைக்குச் செல்லுதல், நடமாடுதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் குறைந்தது மூன்றுக்கு எப்போதும் பிறர் துணை தேவைப்படுவோரின் குடும்பம், வருமான வரம்புக்கு உட்பட்டு, மாதந்தோறும் ரொக்கம் பெறலாம். 2023இல் இத்தொகை 400 வெள்ளி வரை உயர்த்தப்பட்டது.

பணம் மட்டும் போதாது. நோயாளியைத் தவறான முறையில் தூக்கினால் தூக்குபவரின் முதுகு பாதிக்கப்படும். சரியான முறையைக் கற்றுத்தரும் வகுப்புகளுக்குப் பயிற்சி மானியமும் உண்டு.

அரிதாகக் கிடைப்பது ஓய்வுதான். பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் முதியவர்களைப் பகலில் பார்த்துக்கொள்கின்றன. மறதிநோய் உள்ளவர்களில் சிலர் இரவில் உறங்காமல் வீட்டிற்குள் நடந்துகொண்டே இருப்பர். அவர்களுக்காகச் சில தாதிமை இல்லங்களில் இரவுநேரச் சேவையும் உண்டு. பெற்றவரைப் பிறரிடம் விடுவதா என்று தயங்குவோர் நம்மிடையே அதிகம். அத்தயக்கம் இயல்புதான். ஆனால், மூன்று இரவு தூங்காத ஒருவரால் மருந்தின் அளவைச் சரியாகப் பார்த்துக் கொடுக்க முடியுமா?

எந்த உதவிக்குத் தகுதி உண்டு என்பதை ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பிடம் கேட்டு அறியலாம். அம்மாவுக்கு நேரமில்லை என்றால், நீங்களே தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.