உன் கட்டை எது?

(மூன்றாமாண்டு, மின்னணுவியல் பிரிவு)

போன வருஷம் கல்லூரி விழாவில், சரணத்தில் ஏறும்போது குரல் உடைந்து நான் முழித்துக்கொண்டு நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். (விசில் அடித்தவர்களுக்கும் நன்றி.) நமக்கெல்லாம் குரல் வளம் கிடையாது, இனி பாடவே கூடாது என்று முடிவு கட்டிவிட்டேன். லீவில் ஊருக்குப் போனபோது, பஜனை மடத்தில் ஹார்மோனியம் வாசிக்கும் தாத்தா கதையைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "உன் கட்டை எதுப்பா?"

எனக்குத் தெரியவில்லை. பாட ஆசைப்படும் நம்மில் பலருக்கும் தெரியாது. சினிமாப் பாட்டை எந்தச் சுருதியில் கேட்டோமோ அதிலேயே பாடுகிறோம். அது அந்தப் பாடகரின் தொண்டைக்கு அமைந்தது.

ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையை 'ஸ' என்று வைத்துக்கொள்கிறோமோ அதுதான் நம் சுருதி. 'சி' என்றால் 1 கட்டை, 'டி' 2, 'ஜி' 5. இடையில் வரும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை என்று போகும். ஆண்களுக்குப் பொதுவாக 1 முதல் 2 வரை, பெண்களுக்கு 5, 6 பக்கம். கீழே மந்திர பஞ்சமமும் மேலே தார காந்தாரமும் கழுத்து நரம்பு புடைக்காமல் எந்தக் கட்டையில் வருகிறதோ, அதுவே உங்களுடையது.

நமக்குத்தான் லேப் இருக்கிறதே! மைக்கை ஆம்ப்ளிஃபயர் வழியாக சி.ஆர்.ஓ.வில் கொடுத்து 'ஆ' என்று பிடித்தேன். ஒரு கட்டத்துக்கு 2 மில்லி செகண்ட் வைத்தால், ஓர் அலை நாலு கட்டத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. கணக்குப் போட்டால் சுமார் 131 ஹெர்ட்ஸ், அதாவது 1 கட்டை. அன்று மேடையில் நான் பாடியதோ இரண்டரை. என் கட்டையில் தார காந்தாரம் சுமார் 330 ஹெர்ட்ஸ். அன்றைக்கு அது 390. குரல் நாண்கள் விநாடிக்கு 60 தடவை கூடுதலாக அதிர வேண்டியிருந்தது. உடையாமல் என்ன செய்யும்?

அடுத்து எல்லாரும் கேட்பது ஐஸ் தண்ணீரும் பனங்கற்கண்டும். நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் மேல்முனையில். நாம் குடிப்பது போவது உணவுக்குழாயில். ஆகவே எந்தக் கஷாயமும் நாணைத் தொட்டுக் கழுவாது. தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். நாள் முழுக்கத் தண்ணீர் குடித்து உடம்பை வறளாமல் வைப்பதுதான் நாணுக்கும் நல்லது. ஸ்போர்ட்ஸ் டேயில் கத்திவிட்டு மறுநாள் பாடாதீர்கள். கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும்.

கள்ளத்தொண்டை வேண்டாம் என்கிறார் தாத்தா. மெதுவாகப் பாடினாலும் வாய் திறந்து, முழுக் குரலில், அகாரமாகப் பாட வேண்டும். மூச்சு இழுக்கும்போது தோள் ஏறக்கூடாது, வயிறுதான் முன்னே வரவேண்டும். பயிற்சிக்கு மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, மூன்று காலத்திலும். அந்த ராகத்தில் ஸ-ரி-க-ம எப்படிப் போகிறதோ அதே இடைவெளியில்தான் ப-த-நி-ஸவும் போகும். பாதி பிடிபட்டால் மீதியும் பிடிபடும்.

எங்கம்மா நடவு வயலில் நாள் முழுக்கப் பாடுவாங்க. பள்ளிக்கூடம் போனதில்லை, சுருதி என்ற வார்த்தையும் தெரியாது. ஆனால் பக்கத்து வரிசையில் யார் எவ்வளவு உச்சத்தில் எடுத்துக் கொடுத்தாலும், அம்மா தன் இடத்துக்கு இறக்கித்தான் பாடுவாங்க. அவங்க குரல் கம்மி நான் கேட்டதே இல்லை.

இந்த வருஷமும் பெயர் கொடுத்திருக்கிறேன். அதே பாட்டு, 1 கட்டையில். கீபோர்டு நண்பன் டிரான்ஸ்போஸ் பட்டனை மூன்று தடவை கீழே அழுத்த மறக்காமல் இருக்க வேண்டும்.