பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்பது ஒருவர் தம் நாட்டில் பெற்ற ஓட்டுநர் உரிமத்தின் விவரங்களைப் பிற மொழிகளில் பெயர்த்துக் காட்டும் சிறு கையேடு ஆகும். பேச்சுவழக்கில் இது 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' எனப்படுகிறது. ஆயினும் இது தனி உரிமம் அன்று. மூல உரிமமும் கையில் இருந்தால் மட்டுமே செல்லும். இந்தியா இதனை 1949 ஆம் ஆண்டு ஜெனீவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் அடிப்படையில் வழங்குகிறது.

பெறும் முறை

திருப்பூரிலிருந்து பின்னலாடை ஏற்றுமதி தொடர்பாக வெளிநாடு செல்வோர், தாம் வசிக்கும் பகுதிக்குரிய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ வழியாக விண்ணப்பிக்கலாம். நகரின் வடக்குப் பகுதி அலுவலகத்தின் குறியீடு டிஎன் 39; தெற்குப் பகுதிக்கு டிஎன் 42. ஓட்டுநர் உரிமமும் கடவுச்சீட்டும் தேவை, கட்டணம் ரூ. 1000. அனுமதி ஓராண்டு செல்லும். மூல உரிமம் அதற்கு முன்பே காலாவதியானால் அனுமதியும் அன்றே முடிந்துவிடும். இருசக்கர வாகன உரிமம் மட்டும் உள்ளவர் இதைக் காட்டி வெளிநாட்டில் கார் ஓட்ட இயலாது.

நாடுகளுக்கு இடையிலான வேறுபாடு

எல்லா நாடுகளும் இந்த அனுமதியை ஏற்பதில்லை. ஜப்பானில், நாட்டிற்குள் நுழைந்த நாளிலிருந்து அதிகபட்சம் ஓராண்டு வரை இது செல்லும். பின்னல் எந்திரம் வாங்கச் சீனப் பெருநிலத்துக்குச் செல்பவருக்கு இது பயன்படாது. அங்கு உள்நாட்டுத் தற்காலிக உரிமம் பெற வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் சுற்றுலா விசாவில் வந்தவர் இதைக் கொண்டு ஓட்டலாம். வதிவிட விசா பெற்றவர் அந்நாட்டு உரிமம் எடுத்தாக வேண்டும். ஜெர்மனியில் குடியேறியவர் தம் நாட்டு உரிமத்தை ஆறு மாதம் வரையே பயன்படுத்தலாம்.

ஓட்டும் பழக்கம்

இந்தியாவைப் போலவே பிரிட்டனிலும் ஜப்பானிலும் வாகனங்கள் சாலையின் இடப்புறம் செல்கின்றன. ஜெர்மனி, அமீரகம், அமெரிக்கா ஆகியவற்றில் வலப்புறம் செல்ல வேண்டும். வலப்புறப் பழக்கம் இல்லாதவர் சாலையில் திரும்பும்போதும், ஆளில்லாத தெருவில் வண்டியைக் கிளப்பும்போதும் தம்மை அறியாமல் இடப்புறம் சேர்ந்துவிடும் ஆபத்து உண்டு. ஜெர்மனியில் குறியீடு இல்லாத சந்திப்பில் வலமிருந்து வரும் வாகனத்துக்கே முன்னுரிமை. ஒலிப்பானை அடித்து முந்தும் நம்மூர் வழக்கம் அங்கு செல்லாது.

செல்லத்தக்க உரிமம் இன்றி விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கலாம். எனவே பயணச்சீட்டு எடுக்கும்போதே, செல்லும் நாட்டின் விதியை அந்நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.