வயர் நடக்கட்டும், சத்தம் நடக்க வேண்டாம்

போன மாசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் படம் போட ஆரம்பித்தோம். பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. வீட்டின் பின்சுவருக்கு வெள்ளை அடித்து அதையே திரையாக்கினேன். வேப்ப மரத்தடியில் நாலு நாற்காலி, ஒரு கயிற்றுக் கட்டில். ஆம்ப்ளிஃபயர் தாழ்வாரத்தில். திரைக்குக் கீழே 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு.

அப்பாவுக்கு வயது 78. டூரிங் டாக்கீஸ் மணலில் உட்கார்ந்து படம் பார்த்தவர். முதல் நாள் படம் முடிந்ததும், "எப்படிப்பா இருந்துச்சு?" என்றேன். "பாட்டெல்லாம் நல்லா இருந்துச்சு" என்றார். மறுநாள் அம்மா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அவருக்கு ஒரு வசனமும் காதுல விழலடா. நீ சங்கடப்படுவேன்னு சொல்லல."

சத்தத்தைக் கூட்டலாம்தான். ஆனால் கிழக்கு வீட்டில் பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிற பெண். அவள் ஜன்னல் எங்கள் கொல்லையைப் பார்த்துத்தான் இருக்கிறது. அப்பாவுக்கும் கேட்க வேண்டும், அவளுக்கும் தொந்தரவு கூடாது. இதற்கு வழி உண்டா?

நான் செய்த தப்பு எங்கே என்று அப்புறம்தான் புரிந்தது. "வயர் நீளமானா சத்தம் குறைஞ்சிரும்" என்று கடையில் சொன்னதைக் கேட்டு, ஸ்பீக்கரை ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். மூன்று மீட்டர் வயரோடு வேலை முடிந்தது. அப்பா உட்கார்ந்திருந்ததோ ஸ்பீக்கரிலிருந்து எட்டு மீட்டர் தள்ளி.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம் தடை. மதில் ஓரமாகச் சுற்றி மரத்தடிக்குக் கொண்டுபோக 15 மீட்டர் வயர் வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பணும், ஆகவே 30 மீட்டர். தடை சுமார் அரை ஓம். 8 ஓம் ஸ்பீக்கரோடு இது சேரும்போது இழப்பு சுமார் அரை டெசிபல். அரை டெசிபல் குறைந்ததை நம் காது கவனிப்பதே கஷ்டம்.

இப்போது காற்றின் கணக்கு. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் 6 டெசிபல் குறையும். வீட்டுக்குள் என்றால் சுவரும் கூரையும் சத்தத்தைத் திருப்பி அனுப்பிக் கொஞ்சம் ஈடுகட்டும். கொல்லையில் கூரை ஏது? 2 மீட்டரில் கேட்பது 4 மீட்டரில் 6 டெசிபல் குறைவு, 8 மீட்டரில் 12 டெசிபல் குறைவு. அந்த 12 டெசிபலை ஆம்ப்ளிஃபயரைத் திருகி ஈடுகட்ட 16 மடங்கு பவர் வேண்டும்!

அதாவது, வயரில் அரை டெசிபலை மிச்சம் பிடிக்கப் போய், காற்றில் பன்னிரண்டைத் தொலைத்திருக்கிறேன்.

இது நம் ஊர் மைக் செட்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம். திருவிழாவில் தெரு முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் குழாய் கட்டுகிறார்களே, ஏன்? வயர் போய்ச் சேரட்டும், சத்தம் நடந்து போக வேண்டாம் என்றுதான். அவ்வளவு தூரத்துக்கு அவர்கள் பயன்படுத்துவது 100 வோல்ட் லைன். 20 வாட்டை நேரடியாக 8 ஓம் ஸ்பீக்கருக்கு அனுப்பினால் வயரில் ஓடுவது சுமார் 1.6 ஆம்பியர். அதே 20 வாட் 100 வோல்ட்டில் போனால் வெறும் 0.2 ஆம்பியர். கரண்ட் குறைந்தால் வயரில் வீணாவதும் குறையும். குழாய்க்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதைத் திரும்பக் குறைத்துக் கொடுக்கும். நம் கொல்லைக்கு அது தேவையில்லை. ஷாக் அடிக்கிற அளவு வோல்டேஜ் வேறு.

நான் செய்தது இதுதான். 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயர் வாங்கினேன். வயரின் மொத்தத் தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான விதி. 15 மீட்டருக்கு இது தாராளமாகப் பொருந்தும். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் இன்னும் தடித்த வயர் வேண்டும். வாங்கும்போது ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், தடை அதிகம்.

இரண்டு ஸ்பீக்கரையும் அப்பாவுக்கு முன்னால் இரண்டு மீட்டரில் இடம் வலமாக வைத்தேன். ஒரே பக்கம் வைத்தால் முகம் சுவரிலும் குரல் பக்கவாட்டிலும் வரும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒன்றில் மாறிப்போனால் இரண்டும் எதிரெதிராக அசைந்து, கீழ்ஸ்தாயிச் சத்தம் ஒன்றையொன்று அடித்துவிடும். நாலு ஸ்பீக்கர் இருக்கிறதே என்று எல்லாவற்றையும் ஒரே முனையில் இணையாக மாட்டிவிடாதீர்கள். நாலு 8 ஓம் இணைந்தால் 2 ஓம், பல ஆம்ப்ளிஃபயர்கள் தாங்காது.

"புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினா வயரே வேணாமே" என்று கேட்பீர்கள். புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் தாமதமாக வரும். வாய் முதலில் அசையும், வசனம் பின்னால் வரும். உதடு பார்த்துப் புரிந்துகொள்ளும் வயதானவர்களுக்கு அது பெரிய இடைஞ்சல்.

முக்கியமான ஒன்று. ஸ்பீக்கர் வயரைவிட புரொஜெக்டருக்குப் போகிற 230 வோல்ட் வயர்தான் ஆபத்து. பனி விழுந்த மண்ணில் ஜாயின்ட் போட்ட வயர் கிடக்கவே கூடாது. எர்த் உள்ள மூன்று பின் இணைப்பு, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் இல்லாமல் படம் போடாதீர்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தரையில் போடாமல் ஸ்டூல் மேல் வையுங்கள்.

மறு சனிக்கிழமை ஆம்ப்ளிஃபயர் குமிழை முன்பு இருந்ததில் பாதிக்கும் கீழே வைத்துப் படம் போட்டோம். கிழக்கு ஜன்னலுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய பழைய அளவுதான். ஆகவே அங்கே போகிற சத்தமும் குறைந்தது. பத்து மணிக்குள் முடித்தும் விட்டோம்.

படத்தின் நடுவில் ஒரு நகைச்சுவைக் காட்சி. நாங்கள் சிரிப்பதற்கு முன்னால் அப்பா சிரித்தார். "எப்படி இருந்துச்சு?" என்று நான் கேட்கவில்லை.