தரையும் பழுக்க வேண்டும்

ஓட்டலுக்குப் போனால் எல்லோரும் முதலில் பார்ப்பது என்ன பலகாரம் இருக்கிறது என்பதை. அடியேன் பார்ப்பது தரையை. முப்பது ஆண்டுகளாகக் கட்டட ஒப்பந்தத் தொழிலில் இருப்பவனுக்கு இந்தப் பழக்கம் எளிதில் போகாது.

எங்கள் ஆனேக்கல் வட்டம் கல்லுக்குப் பேர்போனது. ஜிகணிப் பக்கம் போனால் கிரானைட் பாலிஷ் பட்டறைகளின் இரைச்சல் காதைத் துளைக்கும். அப்படிப்பட்ட ஊரில், சில ஆண்டுகளுக்கு முன், ஓர் உயர்தர உணவகத்தின் உரிமையாளர், "கிரானைட்டும் வேண்டாம், மார்பிளும் வேண்டாம், கான்கிரீட்டையே கண்ணாடி போல் ஆக்கிக் கொடுங்கள்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சேலத்தில் நான் பிறந்த வீட்டுக் கூடத்தின் சிவப்புத் தரை என்ன? சிமெண்டும் ரெட் ஆக்சைடு பொடியும்தானே! அம்மா தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தே அதில் முகம் பார்க்க வைத்தார்.

சிவப்புத் தரைக்கு மினுமினுப்பு கொத்தனாரின் கரண்டியில் பிறக்கிறது. இந்தத் தரைக்கோ இயந்திரத்தில் பிறக்கிறது. வைரத்தூள் பதித்த கட்டிகளால் முதலில் முரட்டுத்தனமாக அரைத்து, பிறகு 100, 200, 400, 800, 1500 என்று படிப்படியாக நைசாக்க வேண்டும். ஒரு படியைத் தாண்டினால் முந்தைய கீறல் கடைசிவரை கண்ணில் படும். நடுவே சிலிகேட் திரவம் ஒன்றை ஊற்றுவோம். அது கான்கிரீட்டில் மிஞ்சியுள்ள சுண்ணாம்புடன் சேர்ந்து நுண்துளைகளை அடைத்துக் கெட்டியாக்கும்.

நாலு அங்குலக் கனத்தில் கான்கிரீட் போட்டோம். தாறுமாறாக வெடிக்காமலிருக்க, மறுநாளே பத்தடிக்கு ஒரு கோடாக, ஓர் அங்குல ஆழத்தில் வெட்டினோம். சாக்கு விரித்துத் தண்ணீர் விட்டோம். ஒன்பதாம் நாள் உரிமையாளர் வந்தார். திறப்பு விழாவுக்கு முகூர்த்தம் குறித்தாயிற்று, உடனே மெஷினை இறக்குங்கள் என்றார்.

தருமபுரிப் பக்கத்து மேஸ்திரி என்னைத் தனியே அழைத்தார். "சார், சிமெண்ட் காயறதில்ல, பழுக்குது. இப்ப மெஷினை வெச்சா ஜல்லி பேந்துக்கிட்டு வரும்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. சிமெண்ட் இறுகுவது ஈரம் போவதால் அல்ல, தண்ணீருடன் வினைபுரிவதால். அதன் வலிமையைக் கணக்கிடுவதே 28-ஆம் நாளில்தான். எல்லாம் தெரிந்தும், ஒப்பந்தம் கைநழுவுமோ என்ற பயத்தில், "ஒரு மூலையில் ஆரம்பியுங்கள்" என்றேன்.

அரை மணி நேரத்தில் அந்த மூலை அம்மைத் தழும்பு முகமானது. நூறு சதுர அடியை உடைத்து, என் செலவில் மறுபடி போட்டேன். உரிமையாளரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, மீண்டும் 28 நாள் கேட்டேன். கோபித்துக்கொண்டார். ஆனாலும் விழாவைத் தள்ளி வைத்தார்.

தரை அழகாக அமைந்தது. ஒன்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்: ரசமோ எலுமிச்சைச் சாறோ சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், ஆசிட் ஊற்றிக் கழுவவே கூடாது. புளிப்பு சுண்ணாம்பைத் தின்னும். மேலே பூசும் பாதுகாப்புப் பூச்சு சற்று அவகாசம் தரும், அவ்வளவுதான்.

ஒட்டுப்போட்ட இடம் ஒரே நிறமாக வராது என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். அந்த மூலை இன்றும் சற்று வெளுத்தே இருக்கிறது. அதன்மேல் ஒரு பெரிய பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். விருந்தினர் பூவைப் பார்க்கிறார்கள். நான் தொட்டிக்கு அடியில் பார்க்கிறேன். இப்போது நான் கொடுக்கும் கொட்டேஷனில் விலைக்கு முந்திய வரி "28 நாள்" என்பதுதான். அந்த வரியை எழுதும்போதெல்லாம் மேஸ்திரியின் முகம் நினைவுக்கு வருகிறது.